மரத்துப்போன முதுகு

வாசலில் பம்பைக்காரர்கள் தோலைச் சூடு காட்டி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சுடர்விழி உள்ளே வந்து கணவனின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "எழுந்திரிங்க, ஊர்வலம் கெளம்பப் போவுது" என்றாள். தட்டிய சத்தம் நாகராஜுக்குக் கேட்டது. அவளுடைய கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதும் கேட்டது. கை மட்டும் படவில்லை. அடுத்த வீட்டுச் சுவரில் யாரோ தட்டியதுபோல அந்த ஓசை தனியாக வந்து தனியாகப் போயிற்று.

"என்னா, உள்ள சரசரன்னுது?"

"புதுத் துண்டு. கஞ்சி போட்டது."

பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சூடாகும். கல்யாணமான புதிதில் அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான். இன்று மடல் சூடானதா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவள் மஞ்சள் துண்டை இழுத்துச் சரிசெய்துவிட்டு, இடுப்பிலிருந்த துர்காவின் மூக்கைத் துடைத்தபடி வெளியே போனாள்.

துண்டுக்கு அடியில் இருந்தது கண்ணாடித்தாள். சேதராப்பட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் அட்டைப்பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள். அதற்கும் அடியில், பிடரியிலிருந்து இடுப்புவரை, மரத்துப்போகச் செய்யும் களிம்பு. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவன் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது.

துர்கா மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை அளவுக்குக் கிடந்தாள். வயிற்றுத் தையல் ஆறாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து அந்தப் பெட்டியைப் பார்த்த சுடர்விழி, "ஆத்தா, எம்புள்ள வீடு வந்து சேரட்டும். எங்க வீட்டுக்காரரு புள்ளயக் கையில ஏந்திக்கிட்டு ஒனக்குச் செடல் சுத்துவாரு" என்று வேண்டிக்கொண்டாள். நேர்த்திக்கடன்களில் பாதி இப்படித்தான்; வேண்டுவது ஒருவர் வாய், கொடுப்பது இன்னொருவர் தோல். பக்கத்தில் நின்ற நாகராஜ் அப்போது அழுதுகொண்டிருந்ததால் எதற்கென்று தெரியாமலே தலையாட்டினான். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆடி மாதமும் வந்துவிட்டது.

அந்தக் கடலோரத் தெருவில் செடல் என்றால் இதுதான்: கோயில் திடலில் நட்ட உயரமான மரத்தின் உச்சியில் குறுக்காக ஒரு நீளக் கழி சுழலும். நேர்ந்துகொண்டவனின் முதுகுத் தோலில் கொக்கிகளை மாட்டி, இடுப்பில் ஒரு துணியையும் சுற்றி, கழியின் ஒரு முனையில் அவனைத் தொங்கவிடுவார்கள். மறுமுனைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் சுற்றி ஓடுவார்கள். பிள்ளைக்காக நேர்ந்தவன் பிள்ளையைக் கையில் ஏந்தியிருக்க வேண்டும். துணியால் சேர்த்துக் கட்டக் கூடாது. கட்டினால் ஆத்தாள்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். சுடர்விழியின் அப்பா மண்ணாங்கட்டி தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் அப்படிச் சுற்றியவர். இதுவரை எந்தப் பிள்ளையும் எந்தத் தகப்பன் கையிலிருந்தும் நழுவியதில்லை என்று தெருவே பெருமையாகச் சொல்லும்.

நாகராஜோ ஊசியைக் கண்டால் உயிரை விடுகிறவன். ஏர் ஓட்டிய குடும்பம். கடற்கரைப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்ட ஒரு விஷயத்தில் மட்டும்தான் அவன் துணிச்சல் காட்டியிருந்தான். கொரோனா சமயத்தில் கம்பெனியில் தடுப்பூசி போட்டபோது, நர்சம்மா பஞ்சால் கையைத் துடைத்ததுமே சாய்ந்துவிட்டான். ஊசி அதுவரை உறையைவிட்டே வெளியே வந்திருக்கவில்லை. அதை எவனோ செல்போனில் பிடித்துவிட்டான். படம் ஊரெல்லாம் சுற்றி மாமனார் வீட்டுக்கும் வந்தது. மைத்துனர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. செல்போனை மகள் கையில் கொடுத்துவிட்டு, மருமகனின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அவரும் சிரித்துத் தொலைத்திருந்தால் நாகராஜ் மறந்திருப்பான். அவர் எழுந்து போனது நினைவுக்கு வந்தால் இன்றும் அவனுக்கு வாயில் வைத்த சோறு இறங்காது.

அதனால்தான் விஜயிடம் போனான். விஜய் பள்ளித் தோழன். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறான். பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுகளில் வந்து இறங்குகிறவர்களின் தோளில் படம் போட்டே மாடி எழுப்பியவன். அவனிடமும் நாகராஜ் உண்மையைச் சொல்லவில்லை. மணிக்கட்டில் மகள் பெயரைக் குத்திக்கொள்ளப் போவதாகவும், ஊசி பயம் என்றும், முதலில் களிம்பை வீட்டில் போட்டுப் பழகிப் பார்ப்பதாகவும் சொன்னான்.

"உள்ளங்கை அளவுக்கு மேல போடாத மச்சான்" என்றான் விஜய், ஒரு டியூபை நீட்டியபடி. "மேல எதையும் போட்டு மூடாத. ரொம்ப போட்டா ரத்தத்துல ஏறிடும். ஒதடு மரத்துச்சுன்னா, வாயில இரும்பு ருசி வந்துச்சுன்னா, காதுல ஙொய்ங்னு கேட்டுச்சுன்னா, வெளையாட்டு இல்ல. கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. கேக்கறியா?"

"கேக்கறேன்டா" என்றான் நாகராஜ். கேட்கத்தான் செய்தான். ஆனால் ஒரு டியூப் ஒரு முதுகுக்கு எங்கே காணும்? ஒரே கடையில் நிறைய வாங்கக் கூச்சப்பட்டு, நேரு வீதியில் ஒன்று, முத்தியால்பேட்டையில் ஒன்று என்று மருந்துக் கடை கடையாக ஏறி இறங்கினான். எங்கும் மூலத்துக்கு என்றே சொன்னான். மூலம் இருப்பதாகச் சொல்ல அவனுக்கு வெட்கமே இல்லை. பயம் இருப்பதைச் சொல்லத்தான் வெட்கம்.

இன்று காலை பின்னறையைத் தாழிட்டுக்கொண்டான். தன் முதுகுக்குத் தன் கை எட்டாது. மனைவியைக் கேட்கவும் முடியாது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடித்தாளைத் தரையில் விரித்து, எல்லா டியூபையும் அதில் பிதுக்கி, தோசை மாவைப்போல இரண்டு உள்ளங்கையாலும் பரப்பி, அதன்மேல் மல்லாந்து படுத்தான். சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் சில்லென்பதும் இல்லை. அப்படியே புரண்டு தாளை உடம்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டான். மூடினால் இன்னும் நன்றாக ஊறும் என்று அவனாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தான். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தபோது, ஆத்தாளை ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பு வந்து கண் கலங்கியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஊர்வலம் கிளம்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தார்ச்சாலையின் சூடு மட்டும் சாயவில்லை. வெறுங்காலோடு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காத வயிற்றோடு, மஞ்சள் வேட்டியும் உடம்பைப் போர்த்திய துண்டும் கழுத்தில் வேப்பிலை மாலையுமாக நாகராஜ் முன்னால் நடக்க, பின்னால் பம்பையும் உடுக்கையும், கூழ்க்குடம் சுமந்த பெண்களும், சாம்பிராணிப் புகையும், அதைத் தாண்டிக்கொண்டு வந்த கருவாட்டு வாடையுமாகத் தெரு நகர்ந்தது. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டுவிட்டு, கையில் பிடித்திருந்த விசிலோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். தாளுக்குள் வியர்வை ஊறிக்கொண்டே இருந்தது. அது இடுப்பருகே சேர்ந்து கனப்பதை அவன் உணரவில்லை. நடையில் உண்டான ஒரு களக் களக் ஓசையாகத்தான் தெரிந்தது. தன் உடம்பிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூசி, பம்பை நிற்கும்போதெல்லாம் அவனும் நின்றான்.

முச்சந்தியில் வாயில் அந்த ருசி வந்தது. செம்புச் சொம்பை நக்கியதுபோல. துப்பினான். போகவில்லை.

பசி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சுடர்விழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து துளசித் தண்ணீரை அவன் வாயருகே சாய்த்தாள். விழுங்கினான் என்றுதான் நினைத்தான். கடைவாயில் வழிந்து மார்பெல்லாம் நனைந்திருப்பதைக் குனிந்து பார்த்தபிறகே தெரிந்துகொண்டான். அவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்தவள் நின்றாள்.

"ஏங்க, ஒதடு ஏன் இப்படி இருக்கு? நாவப்பழம் தின்னாப்ல நீலம் பாஞ்சிருக்கு."

"வெரதம்" என்றான். அந்தச் சொல் வாய்க்குள் தடித்துப் புரண்டு, தாமதமாக வெளியே வந்தது.

"முடியலன்னா சொல்லிடுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம். எனக்கு நீங்கதான் முக்கியம்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அது அவனுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் கூசியது. சாலையோரம் ஓர் ஆட்டோ சும்மா நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். துண்டை எடுக்கச் சொல்வார்கள். தெருவுக்குத் தெரியும், மைத்துனர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் மறுபடி முகத்தைப் பார்க்காமல் எழுந்து போவார். நாகராஜ் ஆட்டோவைத் தாண்டி நடந்தான்.

அப்போதுதான் காதுக்குள் அந்த இரைச்சல் தொடங்கியது. முதலில் உடுக்கைக்குப் பின்னால் ஒரு வண்டு சுற்றுவதுபோல இருந்தது. பிறகு உடுக்கை வண்டுக்குப் பின்னால் போய்விட்டது.

கோயிலுக்குப் பின்புறம் கீற்று மறைப்பில் குளிக்க விட்டார்கள். தாளை அவிழ்த்துச் சுருட்டி வேலிக்குள் திணித்தான். வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டான். தண்ணீர் விழும் ஓசை கேட்டது, காலடியில் மஞ்சள் ஓடியது. தண்ணீர் மட்டும் அவன்மேல் விழவே இல்லை. தேய்க்கலாம் என்று உள்ளங்கைகளைச் சேர்த்தான். சேர்ந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. நகங்கள் சிலேட்டு நிறத்தில் இருந்தன. காலையில் களிம்பைப் பரப்பிய கைகள் அல்லவா என்று அப்போதுதான் உறைத்தது. இந்தக் கைகளில்தான் துர்காவைக் கொடுக்கப் போகிறார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவு செய்தான். உண்மையாகவே முடிவு செய்தான். மறைப்பைவிட்டு வெளியே வந்ததும் சொல்லிவிடுவது.

வெளியே வந்ததும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கொக்கி குத்துகிற சுப்ரமணி பெரியவர், வாயில் வெற்றிலையோடு, முதுகில் விபூதியை அறைந்தார்.

"தோலு ஏன் தம்பி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் குத்தினார். நாகராஜுக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கொக்கியும் ஏறியதைத் தெரிந்துகொண்டான். ஒவ்வொன்றுக்கும் எதிரே நின்ற பெண்கள் கண்ணைச் சுருக்கினார்கள். அவன் இமை ஆடவில்லை. பெரியவரின் கை மட்டும் ஒரு நிமிடம் நின்றது. விரலை முன்னால் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலில் இருந்தது சிவப்பு இல்லை. டிகாஷன் நிறம்.

"எத்தனையோ பேருக்குக் குத்தியிருக்கேன். இப்படி ஒரு ரத்தம் பாத்ததில்ல" என்றார் மெதுவாக. பிறகு அவருக்கே பதில் கிடைத்துவிட்டது. "ஆத்தா எறங்கிட்டாடோய்!"

ஓம் சக்தி என்று திடல் அதிர்ந்தது. நாகராஜின் முழங்கால் தானாகத் துள்ள ஆரம்பித்தது. அதைப் பார்த்துப் பம்பை இன்னும் வேகம் பிடித்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மண்ணாங்கட்டி வந்தார். வெற்றுடம்பு, கரிய தோள், நரைத்த மீசை. மருமகன் முன்னால் நின்று முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"மாப்ள, ஒன்ன நான் தப்பா நெனச்சிட்டேன். நானே பல்லக் கடிச்சிக்கிட்டுதான் நின்னேன். நீ மூச்சுகூட விடலியே."

அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். அவருடைய நெற்றி தன் பாதத்தில் இருப்பதை நாகராஜ் பார்த்தான். பாதத்தில் ஒன்றும் இல்லை. அந்த நரைத்த தலையைப் பார்க்கப் பார்க்க, உள்ளே எங்கோ மிச்சமிருந்த உணர்வெல்லாம் ஒன்றுகூடி வெட்கமாக எரிந்தது. உடம்பில் அது ஒன்றுதான் இன்னும் மரத்துப்போகவில்லை.

சுப்ரமணி மஞ்சள் துணியை எடுத்தார். வாய்க்கட்டு. அதைக் கட்டிவிட்டால் செடல் இறங்கும்வரை பேசக் கூடாது, அவிழ்க்கவும் கூடாது. கட்டும் முன் ஊரறியக் கேட்பது வழக்கம். பம்பை நின்றது.

"மனசறியக் கொற உண்டா?"

இதுதான் கடைசி. சொல். உண்டு என்று சொல். ஒரு சொல்தான்.

காலடியிலிருந்து மண்ணாங்கட்டி எழுந்து, நெற்றியில் ஒட்டிய மண்ணோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர்கள் கைகூப்பி நின்றார்கள். சுடர்விழியின் முகத்தில் பெருமை வழிந்தது. தன்னை ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை.

"கொற... இல்ல" என்றான்.

மறுபடி கேட்டார்.

"இல்ல."

துணி வாயை இறுக்கியது. இறுக்கியிருக்க வேண்டும். முடிச்சுப் போடும் கைகளைத்தான் பார்த்தான்.

சுடர்விழி வந்தாள். மஞ்சள் பூசிய துர்காவை அவனுடைய இரண்டு கைகளின்மேல் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் கைகளை எடுத்தாள். நாகராஜ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தலை ஆடியது, நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஓம் சக்தி என்றார்கள். கண்ணை உருட்டி அவளைப் பார்த்தான். அவள் கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு பின்வாங்கினாள். வேண்டாம், பிடுங்கிக்கொள், மருந்து போட்டிருக்கிறேன், நான் கோழை, பிடுங்கிக்கொள். எல்லாம் துணிக்குள் எச்சிலாக ஊறியது.

கயிறு முறுகியது. தரை விலகியது.

மேலே காற்று இருந்திருக்கும். வேப்பிலை ஆடியது. அதனால் காற்று.

ஓட்டுக் கூரைகள். கடல். பட்டறையில் நிறுத்திய படகுகள். கீழே தலைகள், அண்ணாந்த முகங்கள். எல்லா வாய்களும் திறந்து மூடின. அவனுக்கு வண்டின் இரைச்சல் மட்டும்.

மரம் சுழன்றது.

குனிந்து பார்த்தான். துர்கா இருந்தாள். கையில்தான் இருந்தாள். எடை இல்லை. சூடு இல்லை. அவள் அவனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகை அவனுக்கு எட்டவில்லை. கைகள் இருந்தன. நீல நகங்களோடு, யாரோ ஒருவனுடைய கைகள்.

இறுக்கிப் பிடி என்றான் அவற்றிடம்.

தோள் ஒருமுறை வெட்டியது.

பிடி.

சுண்டுவிரல் விரிந்தது. அவன் விரிக்கவில்லை. அதற்கடுத்த விரலும் நிதானமாக விரிந்தது.

கீழே பார்த்தான். கூட்டத்தின் நடுவில் சுடர்விழி. அவள் மட்டுமாவது மேலே பார்த்தால் போதும்.

அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, கண்ணை இறுக மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது விரல்.